பை பார்த்துக்கொள்ள நாம்தானா?

திருமயம் கோட்டைக்கு இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். ஆனால் கோட்டை மேலே ஏறிப் பார்த்தது போன மாதம்தான். முதல் இரண்டு தடவையும் என்ன செய்தாய் என்கிறீர்களா? கீழே உட்கார்ந்து பை பார்த்துக்கொண்டேன்!

கல்யாணமான புதிதில் போனபோது, "பட்டுப்புடவையோட எங்க ஏறுவே? அம்மாவுக்குத் துணையா இரு, சாப்பாட்டுக் கூடையைப் பாத்துக்க" என்றார்கள். அடுத்த தடவை கையில் குழந்தை. "வெயில்ல பிள்ளையைத் தூக்கிட்டு ஏற வேணாம்" என்றார்கள். எல்லாரும் இறங்கி வந்து, "மேலே பீரங்கி இருக்கு, என்னா காத்து தெரியுமா!" என்று பேசப் பேச, நான் புளியோதரையைப் பிரித்துப் பரிமாறினேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

போன மாதம் திருச்சியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு மகன், மருமகள், பேரனோடு போனோம். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது திருமயம். சின்ன ஊர்தான். ஆனால் ஒரே குன்றின் பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில். பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. குகைக்குள் பள்ளிகொண்டிருக்கும் அந்தப் பெரிய பெருமாளைக் காணக் கண் இரண்டு போதாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே தரிசனத்தை முடித்தோம்.

அடுத்தது கோட்டை. சேதுபதி மன்னர் 1687இல் கட்டியது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். வாசலில் மருமகள் இரண்டு வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நீ கீழேயே இரும்மா. பிள்ளை தூங்கட்டும், பையையும் பாத்துக்க." இதைச் சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் நானேதான்!

"சரிங்க அத்தை" என்றவள், கோட்டையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. சுருக்கென்றது. நான் பேச வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர், "பேரனை என்கிட்ட குடுங்க. எனக்கு இந்தக் கோட்டை மனப்பாடம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று பைகளோடு நிழலில் உட்கார்ந்துவிட்டார். கூடைக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. மனசு நிறைந்தும் இருந்தது.

மெதுவாக ஏறினோம். பாதி வழியில் பாறையில் குடைந்த ஒரு சின்ன அறை, அதற்குள் சிவலிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். மருமகள் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். உச்சியில் அந்தப் பீரங்கியைத் தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் வயலும் குளமுமாக ஊர் விரிந்து கிடந்தது. இத்தனை வருஷமாகக் காதால் மட்டும் கேட்ட காற்று முகத்தில் அடித்தது. "அத்தை, அழறீங்களா?" என்றாள். "கண்ணுல தூசி" என்றேன்.

திரும்பும் வழியில் சித்தன்னவாசல். சமணக் குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளத்தையே வரைந்திருக்கிறார்கள். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற ஆட்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான நிறம் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் அழகு குறையவில்லை. அங்கே ஏழடிப்பட்டம் என்ற இடத்தில் சமண முனிவர்களின் கல் படுக்கைகள் இருக்கின்றன. அந்த ஏற்றத்துக்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நானாகவே கீழே இருந்துகொண்டேன். அதில் வருத்தமே இல்லை. முடியாமல் உட்காருவது வேறு, உட்கார வைக்கப்படுவது வேறு இல்லையா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று காலையிலிருந்து நானும் மருமகளும் தண்ணீரே குடிக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் இறங்கினால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எந்தச் சுற்றுலா இடமானாலும் டிக்கெட் கவுண்டர் இருக்கிற மாதிரி, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள பெண்கள் கழிப்பறையும் இருக்க வேண்டாமா?

புதுக்கோட்டையைத் தாண்டும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வந்தார். 1886இல் அந்த ஊரில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்து, 1912இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் ஏறிய ஏற்றத்துக்கு முன்னால் நம் கோட்டைப் படி எம்மாத்திரம்!

தோழிகளே, அடுத்த லீவுக்கு எங்கே புறப்பட்டாலும், பையையும் பிள்ளையையும் யார் யார் எப்போது பார்த்துக்கொள்வது என்று வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள். நாலு வேளைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு விடிய விடிய அடுப்படியில் நிற்காதீர்கள். தயிர் சாதம் போதும், காலை டிபனை ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம். பாறை சுடுவதற்கு முன் ஏறிவிடுங்கள். முக்கியமாக, என்னைப் போன்ற மாமியார்களே, "நீ கீழே இரு" என்று மருமகளிடம் சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நமக்கு யாரும் அப்படி யோசிக்கவில்லை.

- ஒரு வாசகி, திருச்சி