கத்தரிக்கோலுக்கு அஞ்சும் மரபு

பழைய கதைப் புத்தகப் படங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து வெட்டி ஒட்டச் சொல்லும் சித்திர வகுப்புகளைச் சக இதழொன்று 'மரபைத் துண்டாடும் பயிற்சி' என்று கண்டித்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்த சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோலையும் புத்தகத்தையும் சேர்த்து நீட்டலாமா என்பது அதன் உச்சக் கேள்வி. கேட்டதும் வாயடைக்கச் செய்யும் கேள்விதான். அதனாலேயே அதைச் சும்மா விட முடியாது. வெட்டப்படுவது நிறநகல், மூலப்பிரதி பத்திரமாகவே இருக்கிறது என்ற சாதாரண உண்மையை ஒருபுறம் வைப்போம். எரித்தவனுக்கு நூலுக்குள் என்ன இருக்கிறது என்பது பொருட்டில்லை. வெட்டுகிற பிள்ளையோ, எங்கே வெட்டுவதென்று தீர்மானிப்பதற்காவது படத்தை முழுதாகப் பார்த்தாக வேண்டும். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனின் தோளிலிருந்து வேதாளத்தைப் பிரித்தெடுக்க முனையும்போதுதான் தோள் எங்கே முடிகிறது, பிணம் எங்கே தொடங்குகிறது, எந்தக் கோடு இரண்டு உடல்களுக்கும் பொதுவாக ஓடுகிறது என்பது புலப்படும். அந்தப் படத்தை மாதந்தோறும் பார்த்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்? பக்கத்தைப் புரட்டுகிற கண்ணுக்குக் கிட்டாத வாசிப்பு, கத்தரிக்கோல் பிடித்த கைக்குக் கிட்டுகிறது. நமது வாதம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான சான்று.

இந்தக் கண்டனம் பாரிஸிலிருந்து எழுந்திருப்பதுதான் விசித்திரம். 1931இல் போல் ஃபோஷே, ஃபிளமரியோன் பதிப்பகத்தில் 'பெர் காஸ்தோர்' சிறுவர் நூல்வரிசையைத் தொடங்கியபோது முதலில் வந்தவற்றுள் ஒன்று, பிள்ளைகள் தாமே வெட்டுவதற்கென்று ஆக்கப்பட்ட புத்தகம். அதைச் செய்த நத்தாலி பரேன், கீவில் பிறந்து மாஸ்கோவின் வ்ஹுதெமாஸ் கலைப்பள்ளியில் பயின்று பாரிஸுக்கு வந்து சேர்ந்தவர். ஃபோஷேயின் கல்விச் சிந்தனைக்கோ பிராக் நகரத்து ஆசிரியர் பாக்குலேயிடம் பெரிய கடன் உண்டு. பிரெஞ்சுச் சிறுவர் நூல்களில் செவ்வியல் என்று இன்று நூலகங்கள் அடுக்கி வைத்திருப்பவற்றில் ஒரு பங்கு, குடியேறிகளின் கைவேலை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களில் கரடியையும் நரியையும் வெண்பனியையும் கண்டு கிறங்கிய தலைமுறைக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. லெபதேவ் போன்றோர் தட்டையான வண்ணத் துண்டுகளால் உலகத்தைக் கட்டி எழுப்பிய 1920களின் ருஷ்யச் சிறுவர் நூல்களே இரண்டுக்கும் மூதாதை. அதன் துணிச்சலான கிளை பரேன் வழியாகப் பாரிஸை அடைந்தது. பின்னாளில் அடங்கிப்போன கிளை நமது ஊர்ப் புத்தகக் கடைகளுக்கு வந்தது. ஓவியர் மக்ஸ் ஏர்ன்ஸ்டையும் மறப்பதற்கில்லை. 1922இல் கவிஞர் எலுவாரின் கடவுச்சீட்டில் பிரான்சுக்குள் நுழைந்தவர் அவர். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி வாசகருக்கு அதை விளக்கத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலிவு நாவல்களின் மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டி, 1934இல் ஐந்து சிறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட படநாவலை உலகம் இன்னும் புரட்டுகிறது. அந்த மலிவு நாவல்களை இன்று யாராவது தேடி எடுக்கிறார்கள் என்றால், அவர் வெட்டியதால்தான்.

நமது வழக்கத்தில் இல்லாத வேலை என்ற வாதமும் நிற்காது. 1894இல் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் பட்டுத்துணி வெட்டி உடுத்தி, சரிகையும் ஜிகினாவும் ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்ட வீடுகளில் அதை யாரும் தெய்வ நிந்தனை என்று சொல்லவில்லை. கோவில் திருவிழாவுக்குக் கட்டப்படும் சப்பறத்தில் வர்ணக் கடதாசி வெட்டி ஒட்டிய கைகளும் மரபை அறியாத கைகள் அல்ல.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: பிறர் வரைந்ததை ஒட்டுவது நகலெடுப்பு, பிள்ளை தன் மனத்திலிருந்து வரைய வேண்டும் என்பது. வியன்னாவின் சித்திர ஆசிரியர் சிசெக் காலத்திலிருந்து கேட்டுவரும் குரல் இது. ஆனால் தன் மனத்திலிருந்து வரையச் சொன்னால் மலையிடைச் சூரியனும் தென்னைமரமும் குடிசையுமே வருகின்றன; பாரிஸில் பிறந்த பிள்ளை காணாத அந்தக் குடிசை எந்த மனத்திலிருந்து வந்தது? ஒட்டுச்சித்திரம் தன் கடனை மறைப்பதில்லை. எடுத்ததை எங்கே வைப்பது என்பதில்தான் பிள்ளையின் சொந்தப் புத்தி வெளிப்படுகிறது. எனினும் இந்த மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எரிக் கார்லின் 'பசித்த கம்பளிப்புழு' சிறுவர் நூல் 1969இல் வந்தபின் எத்தனையோ வகுப்பறைகளில், ஆசிரியர் முன்கூட்டியே வெட்டிக்கொடுத்த பச்சை வட்டங்கள் ஒரே மாதிரிப் புழுக்களாகச் சுவரில் தொங்குகின்றன. கார்ல் மெல்லிய தாளில் தானே வண்ணம் தீட்டி, அது காய்ந்தபின் வெட்டினார். மத்தீஸின் 1947ஆம் ஆண்டு 'ஜாஸ்' நூலுக்கும் முதலில் தாளுக்கு வண்ணம் பூசப்பட்டது, பிறகே கத்தரிக்கோல் வந்தது. தாளை உண்டாக்கும் பாதி வேலையைப் பறித்துவிட்டு மீதியை வார்ப்புருவாக நீட்டும் வகுப்பை நாமும் எதிர்க்கிறோம். அதற்கு மாற்று லாச்சப்பலின் ஃபோபூர் சென்-துனி வீதியிலேயே கிடக்கிறது: நகைக்கடை நாட்காட்டி, அரிசிப்பை, கலியாணக் கார்ட், தேர்த்திருவிழா நோட்டீஸ், சுவரில் வெயிலில் வெளுத்த கண்ணீர் அஞ்சலி. குஸ்தாவ் தோரே 1862இல் பெரோவின் கதைகளுக்கு வரைந்த ஓநாயை இவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளை இறக்கிவிட்டால், அந்தக் காட்டுக்கு வேறு ஊர் கிடைத்துவிடும்.

உண்மையில் சக இதழை உறுத்துவது கத்தரிக்கோல் அல்ல என்றே சந்தேகிக்கிறோம். புலம்பெயர்ந்த சமூகம் மரபென்று சொல்லும்போது மனனத்தையும் மேடையையும் கேடயத்தையும் நினைக்கிறது. குறளைப் பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பரிசு. அந்தக் குறளோடு சண்டை பிடிக்கும் பிள்ளைக்கு அறிவுரை. சித்திரப் போட்டியின் தலைப்பைக்கூட நடுவர்களே தீர்மானித்து, எதிர்பார்த்த படத்துக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். பிள்ளை பார்ப்பதற்கு மட்டும், தொடுவதற்குப் பெரியவர்கள் மட்டும் என்ற இந்த ஏற்பாட்டைக் கலைக்கும் எதுவும் இவர்களுக்குச் சிதைப்பாகவே தோன்றும். மரபு பிள்ளைகளின் கையில் கிழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், தங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த இத்தனை ஆண்டுகளில் அதை யார் வாசித்தார்கள் என்று முதலில் கணக்குக் காட்டட்டும்.