பத்தாம் நம்பர் ஸ்பேனர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை விடிகாலையில பால் கேனைக் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குக் கிளம்பினேன். பள்ளத்தைத் தாண்டி மேடு ஏறி முடிச்சதும் மூணாவது கியர் போடலாம்னு மிதிச்சா, கால் மட்டும் கீழே போகுது, வண்டி கேட்கவே மாட்டேங்குது. குனிஞ்சு பார்த்தா கியர் லீவர் செக்கு மாதிரி சும்மா சுத்துது. ரெண்டாவது கியர்லயே உறுமிக்கிட்டுப் போய்ப் பாலை ஊத்திட்டேன்.

வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். பதினாலு வருசமா எங்கிட்ட இருக்கு. பால், தீவனம், உர மூட்டை, காலேஜ் போற பொண்ணை பஸ் ஸ்டாப்புல விடறது, எல்லாம் அதுலதான். அது நின்னா எங்க வீடும் பாதி நின்ன மாதிரி.

அப்படியே டவுன்ல ஒரு பட்டறைக்குப் போனேன். அங்க இருந்த தம்பி உக்காந்த இடத்துல இருந்தே லீவரை ஒரு ஆட்டு ஆட்டினாரு. "உள்ள ஷாப்ட்டு பல் போயிருச்சுங்கண்ணா. என்ஜினைத் திறக்கணும். ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும், ரெண்டு நாள் வண்டி இங்க நிக்கட்டும்"னாரு. காசை விட அந்த ரெண்டு நாள்தான் எனக்குப் பெருசா தெரிஞ்சுது. யோசிச்சுட்டு வர்றேன்னு சொல்லி, வந்த மாதிரியே ரெண்டாவது கியர்ல வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் வாசல்ல சென்டர் ஸ்டாண்ட் போட்டு உக்காந்தேன். இந்த லீவர்ல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லீங்க. என்ஜின்ல இருந்து ஒரு ஷாப்ட் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அதைச் சுத்தி நீளவாக்குல பொடிப் பொடியா பல் வெட்டியிருக்கும். லீவரோட ஓட்டைக்குள்ளேயும் அதே மாதிரி பல். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரும். லீவர்ல ஒரு பிளவு இருக்கும், அதைக் குறுக்கே ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். அந்த போல்ட் தளர்ந்தா லீவர் ஆட ஆரம்பிக்கும். ஆட ஆட, பல் மழுங்கிப் போகும்.

பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர் போட்டு போல்ட்டைக் கழட்டினேன். தளர்த்தினா மட்டும் லீவர் வராது, போல்ட்டை முழுசா உருவணும். இது தெரியாம சுத்தியால அடிச்சா உள்ள இருக்கிற ஆயில் சீல் போயிரும். துரு இருந்ததால டீசல் ரெண்டு சொட்டு விட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்து மெல்ல ஆட்டி இழுத்தேன். வந்துருச்சு. பழைய பல்குச்சி பிரஷ்ஷுல டீசலைத் தொட்டு ஷாப்ட்டைத் தேய்ச்சேன். பொண்ணு செல்போன் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

"அப்பா, இதுல பல் நல்லாத்தானே இருக்கு?"ன்னா.

நல்லாத்தான் இருந்துச்சு. லீவருக்குள்ளதான் பல்லே இல்லை, வழவழன்னு கிடந்துச்சு. அடுத்த நாள் ஸ்பேர் கடையில புது லீவரும் போல்ட்டும் வாங்கினேன். முன்னூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மாட்டறதுக்கு அரை மணி நேரம். கால் வாகுக்கு ஏத்த உயரம் வர ரெண்டு தடவை பல் மாத்தி வைக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். ஸ்டாண்ட்லயே பின் சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டு நாலு கியரையும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் ஓட்டின பிறகு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிட்டேன். சின்ன போல்ட்டுங்க, பலத்தைக் காட்டினா முறிஞ்சிரும்.

பட்டறைக்காரரைத் திட்டறதுக்கு இதை எழுதலை. தப்பு முதல்ல என்னோடது. லீவர் ஆடுதுன்னு மூணு வாரமாவே என் காலுக்குத் தெரியும். ஒரே ஒரு திருப்பு திருப்பியிருந்தா இந்தச் செலவே இல்லை. மஞ்சள்ல ஒரு இலை சுருண்டா உடனே குனிஞ்சு பார்க்கிற நான், தினமும் ஏறி உக்கார்ற வண்டியைக் குனிஞ்சு பார்க்கலை.

டவுன்ல வேலையில இருக்கிற என் பையன் போன்ல சொல்றான்: "அப்பா, உங்க நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு. சர்வீஸுக்கு விட்டுட்டுப் போங்க." அவன் சொல்ற கணக்கும் ஒரு விதத்துல சரிதான். ஆனா காசு மிச்சமாச்சுங்கிறது எனக்கு ரெண்டாவது விசயம். ஒரு தடவை கழட்டிப் பார்த்தவனை அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. வேலையை மெக்கானிக்கிட்டயே கொடுங்க, அவரும் பிழைக்கணும். "லீவரைக் கழட்டிப் பார்த்தீங்களா தம்பி?"ன்னு ஒரு கேள்வி கேட்கத் தெரிஞ்சா போதும். எனக்கு அன்னைக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோணலை.

எங்க அப்பாரு காலத்துல கவலை ஓட்டித்தான் தண்ணி இறைச்சாங்க. தும்பி கிழிஞ்சா அவங்களே தைச்சு ஒட்டுப் போட்டு மாட்டைப் பூட்டிருவாங்க. இன்னைக்கு ஒரு பொருள் கெட்டா, திறக்கவே வழியில்லாம ஒட்டி மூடி வச்சிருக்காங்க. இதைப் பத்தி 2022-ல மத்திய அரசு ஒரு குழு கூடப் போட்டுச்சு. பழுது பார்க்கும் உரிமைன்னு பேரு. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வண்டி எல்லாம் அதுல அடக்கம். நல்ல விசயம். ஆனா கையில ஸ்பேனர் பிடிக்கவே கூச்சப்படறவனுக்கு அந்த உரிமை வந்து என்ன செய்யும்?

எல்லாத்தையும் நாமளே நோண்டணும்னு சொல்லலை. நிஜமாவே ஷாப்ட் பல் போயிருந்தா நானும் பட்டறைக்குத்தான் போயிருப்பேன். சில பேரு லீவரை ஷாப்ட்டோட வெல்டு வச்சிருவாங்க. அது மட்டும் வேண்டாங்க. அந்தச் சூட்டுல ஆயில் சீல் போகும், அப்புறம் அந்தப் பக்கத்து மூடியைக் கழட்டறதே பெரும்பாடாயிரும். நம்ம எல்லை எது வரைக்கும்னு தெரிஞ்சுக்கிறதும் வேலை தெரிஞ்சதுல சேர்த்திதான்.

டவுன்ல இருக்கிற நீங்க வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு காரியம் பண்ணுங்க. வண்டியை நிறுத்திட்டு, கியர் லீவரைக் கையால ஆட்டிப் பாருங்க. ஆடினா இறுக்குங்க. புள்ளைங்க பக்கத்துல இருந்தா ஸ்பேனரை அவங்க கையில கொடுங்க. எங்க வீட்டுல கடைசித் திருப்பு பொண்ணுதான் திருப்பினா. மறுநாள் பஸ் ஸ்டாப் போற வழியில, "அப்பா, கியர் சரியா விழுதா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா.