சலவை இயந்திரம் பொருத்தும் முன்

பகலெல்லாம் பனியன் கம்பெனியில் உழைத்து, இரவில் துவைகல் முன் குனியும் பெண்கள் திருப்பூரில் ஏராளம். அவர்களுக்குச் சலவை இயந்திரம் ஆடம்பரமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்து, வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்குத் துணை நின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆதலால், இயந்திரம் வந்த பிறகேனும் ஆண்களும் துணி போடப் பழகட்டும்.

நம் ஊரில் முதற்கவலை நீரே. சாயக்கழிவால் நொய்யல் கெட்டது. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. இயந்திரத்தின் வெந்நீர்க் கம்பியில் படிவு ஏறும். இயன்றோர் நல்ல தண்ணீர்த் தொட்டியோடு இணையுங்கள். இயலாதோர் படிவை அவ்வப்போது நீக்குங்கள்.

முன்புறக் கதவுள்ள இயந்திரமாயின், பயணத்துக்காகப் பின்னால் முடுக்கிய போல்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்ட வேண்டும். இன்றேல் அது குதித்துப் பழுதாகும். நான்கு கால்களும் சமமாக நிற்கட்டும். எர்த் இணைப்பு கட்டாயம். ஈரக்கையும் மின்கசிவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நஜீஸ் பட்ட துணியைத் தனியே கழுவி, அசுத்தம் நீங்கிய பின்னரே மற்றவற்றோடு சேருங்கள்.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்பது நபிவழி. எனவே இரண்டு சட்டைக்காக இயந்திரத்தை ஓட்டாதீர்கள். இறுதியாக அலசிய நீரை வாளியில் பிடித்து வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.