வயித்துக்குள்ள ஊதுற காத்தும் வெர்ஷன் 2.0-வும்

போன மாசம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். லேப்ராஸ்கோபிதான். முந்தின நாள் டாக்டர், "புது மிஷின் இருக்கு. காஸை சூடாக்கி, ஈரமாக்கி உள்ள அனுப்பும். வலி கம்மி. கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்"னார்.

"எப்படி டெஸ்ட் பண்ணாங்க சார்?"

"இம்போர்ட்டட் மிஷின் சார்."

அட, இதுதான் டெஸ்ட் ரிப்போர்ட்டாம்! பொட்டி தட்டுறவன் நான் ரிலீஸ் மீட்டிங்ல இப்படிப் பதில் சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

விஷயம் இதுதான் மக்களே. வயித்துக்குள்ள கேமராவை மட்டும் விட்டா ஒண்ணும் தெரியாது. கார்பன் டை ஆக்சைடை ஊதி பலூன் மாதிரி உப்ப வைக்கணும். அந்த வாயு எரியாது, ரத்தத்துல கரைஞ்சு மூச்சுல வெளியே போயிடும். வழக்கமா 12-லேர்ந்து 15 மி.மீ. பாதரச அழுத்தம். அதுக்கு விலையும் உண்டு. உதரவிதானம் மேலே தள்ளப்படும், நுரையீரலுக்கு இடம் குறையும், ஆபரேஷன் முடிஞ்சதும் தோள்பட்டை வலிக்கும். கத்தி வயித்துல, வலி தோள்ல!

இதைக் குறைக்கத்தான் சூடான காஸ், குறைஞ்ச அழுத்தம், வால்வே இல்லாத குழாய்னு புதுசு புதுசா வருது. வரட்டும், சந்தோஷம். ஆனா 37 டிகிரி வந்துச்சா, பாஸ். அழுத்தம் ஆடாம நின்னுச்சா, பாஸ்னா அது வெறும் யூனிட் டெஸ்ட். படுத்திருக்கிறவருக்கு வலி குறைஞ்சுதாங்கிறதுதான் அசல் டெஸ்ட். சூடான காஸைப் பத்தின 22 ஆய்வுகளை 2016-ல காக்ரேன் அமைப்பு அலசிச்சு. உடம்புச் சூடு லேசா கூடுதலா நிக்குது, ஆனா நோயாளிக்குத் தெளிவான பலன் இல்லைன்னு முடிச்சாங்க. மிஷின் பாஸ், பலன் ஃபெயில்!

அமெரிக்காவுல இந்த மாதிரி கருவிகள் பெரும்பாலும் 510(கே) வழியாத்தான் வருது. ஏற்கனவே விக்கிற கருவிக்கு இணைன்னு காட்டினா போதும். நோயாளிகள் மேல சோதனை பண்ணிக் காட்டணும்னு அநேகமா கேக்கறதில்லை. இணைன்னு அனுமதி வாங்கி, மேலானதுன்னு விக்கிறது என்ன நியாயம்?

"1980-ல ஜெர்மனியில குர்ட் செம் லேப்ராஸ்கோபியில குடல்வால் எடுத்தப்பவும் இப்படித்தான் எதிர்த்தாங்க"ன்னு ஒரு கோஷ்டி வரும். உண்மைதான், எதிர்த்தவங்க தோத்தாங்க. ஆனா லேப்ராஸ்கோபி ஜெயிச்சது புதுசுங்கிறதால இல்லை. திறந்து செய்யுற ஆபரேஷனோட ஒப்பிட்டப்ப நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போனார், அதனால. அதே பரீட்சையைக் காஸும் எழுதட்டும். அதே ஆபரேஷன், சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த காஸ்னு முடிவு. நோயாளிக்கும் தெரியக்கூடாது, வலி எவ்வளவுன்னு கேட்டு எழுதுற நர்சுக்கும் தெரியக்கூடாது. தோத்தாலும் ரிசல்ட்டை வெளியிடணும். அவ்ளோதான்.

அம்மாவுக்குப் பழைய காஸ்லயே பண்ணச் சொன்னேன். ரெண்டு நாள் தோள் வலி. ராத்திரி அம்மா முனகறப்ப, 'அந்தக் காசைக் கட்டியிருக்கலாமோ'ன்னு எனக்கும் உறுத்துச்சு. இத்தனை படிச்சும் உறுத்துச்சு. அந்த உறுத்தலுக்குத்தான் அங்க பில் போடுறாங்க.

டிஸ்கி: பதிவுலக டாக்டர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆதாரத்தோட வாங்க :-)