படுக்கும்போது விளக்கு எதற்கு?

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள் பொழுது விடியும் முன்பே எழுந்து விடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டும். அவர்களுக்குத் தெற்கே, மாகாளேசுவரர் கோயில் கொண்ட இரும்பையிலும், சுற்றியுள்ள ஊர்களிலும் முன்பெல்லாம் இருட்டியதும் ஊர் அடங்கி விடும். மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்து விட்டுப் படுப்பார்கள்.

இன்று வீதியில் விளக்கு, வீட்டில் டெலிவிஷன், கையில் செல்போன்! நடுநிசி வரை வெளிச்சம்.

மின்சாரம் வந்தது நன்மையே. பிள்ளைகள் இரவில் படிக்கிறார்கள். பெண்கள் பயமின்றித் தெருவில் நடக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடித் தூங்குகிறவருக்கு விளக்கு எதற்கு? அது உடம்பைப் பருக்கச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள்.

உடம்புக்குள் கடிகாரம்

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டிலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன், குகை வௌவால்களை வைத்து இந்தக் கடிகாரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

இருட்டியதும் மூளையில் 'மெலடோனின்' என்ற பொருள் சுரக்கிறது. 'இரவு வந்து விட்டது' என்று உடம்புக்கு அறிவிப்பது அதுதான். கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைகிறது. கடிகாரம் குழம்புகிறது. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் பசி அதிகமாகும். அகாலத்தில் வாய் எதையாவது தேடும்.

எலிகள் காட்டிய உண்மை

அமெரிக்காவில் 2010-ல் ஒரு சோதனை நடந்தது. சில சுண்டெலிகளை இரவில் இருட்டிலும், சிலவற்றை மங்கலான வெளிச்சத்திலும் வைத்தார்கள். இரண்டு கூட்டமும் தின்றது ஒரே அளவு. ஆனால் வெளிச்சத்தில் இருந்தவை அதிகமாகப் பருத்தன!

காரணம் என்ன? சுண்டெலி இரவில் இரை தேடும் பிராணி. வெளிச்சம் பட்டவை நேரம் தப்பிப் பகலில் தின்றன. இரவில் மட்டும் தீனி கொடுத்தபோது அவை பருக்கவில்லை. என்ன தின்கிறோம் என்பது மட்டுமல்ல, எப்போது தின்கிறோம் என்பதும் முக்கியம்!

43 ஆயிரம் பெண்கள்

அமெரிக்காவில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. அறையில் விளக்கோ டெலிவிஷனோ எரியத் தூங்கியவர்கள், 5 கிலோவோ அதற்கு மேலோ எடை கூடும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகமாக இருந்தது. விளக்கு மட்டுமே காரணம் என்று இது நிரூபித்து விடவில்லை. எனினும் அலட்சியம் செய்யக் கூடிய சங்கதி அல்ல.

தமிழ்நாட்டில் எப்படி?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 31 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21-ல் அது 40 ஆகி விட்டது. ஆண்களில் 37. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் இதன் பின்னாலேயே வருகின்றன. எண்ணெய்ப் பலகாரமும், உட்கார்ந்தே செய்யும் வேலையும் பெரிய காரணங்கள். அவற்றைக் குறைக்க முயற்சி வேண்டும். விளக்கை அணைக்கவோ ஒரு விரல் போதும்!

செய்ய வேண்டியது

இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டெலிவிஷனை நிறுத்துங்கள். செல்போனைப் படுக்கையில் வைக்காதீர்கள். தெருவிளக்கு முகத்தில் அடித்தால் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். குழந்தைக்கோ முதியவருக்கோ வெளிச்சம் தேவையானால், தரையோரம் சிறு விளக்கு போதும்.

இரவு வேலை செய்கிறவர்களுக்கு இது கைகூடாது. தமிழ்நாட்டில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை இரவு பகலாகத் திறந்து வைக்க 2019-ல் அரசு அனுமதி தந்தது. விளக்கடியில் விழித்திருப்பவரின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பும் ஆகும். வேலை நேரத்தை அடிக்கடி மாற்றாமல், போதிய ஓய்வு கொடுக்க வேண்டும். பகலில் அவர் தூங்கும் அறையை வீட்டார் இருட்டாக வைக்க வேண்டும்.

பகலுக்கு வெளிச்சம், இரவுக்கு இருட்டு. இரண்டும் உடம்புக்கு மருந்து. இன்று இரவே விளக்கை அணைத்துப் படுங்கள்!