கிட்னி கொடுப்பவருக்கு மனநலப் பரிசோதனை எதற்கு?

கணவருக்குக் கிட்னி கொடுக்க மனைவி முன்வருகிறார். ரத்தப் பிரிவு பொருந்துகிறது, ஸ்கேன் ரிப்போர்ட்டும் சரியாக இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, ‘மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்கிறது மருத்துவமனை. ‘அவளுக்கு என்ன பைத்தியமா?’ என்று குடும்பமே கோபப்படுகிறது.

கோபப்பட ஒன்றுமில்லை. உயிரோடு இருப்பவர் உறுப்பு தானம் செய்ய வேண்டுமென்றால் மனநல மருத்துவரின் சான்றும் தேவை என்கின்றன, 2014-ம் ஆண்டின் உறுப்பு மாற்று விதிகள். கொடுப்பவர் தெளிவான மனநிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறாரா என்பதே அங்கே பார்க்கப்படுகிறது.

கேள்விகள் சாதாரணமானவைதான். தூக்கம் எப்படி? மன அழுத்தத்துக்கு முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா? ஒற்றைக் கிட்னியோடு வாழ்வது பற்றி என்ன தெரியும்? கொடுத்த கிட்னி வேலை செய்யாமல் போனால் மனசு தாங்குமா? ‘முடியாது’ என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். மாமியார், நாத்தனார், பிறந்த வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று ஒரு பெண்ணால் எளிதில் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று விதியே சொல்வது அதனால்தான்.

அவர் மனம் மாறினால்? ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்புவரை பின்வாங்க அவருக்கு உரிமை உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில், ‘இவர் தானம் செய்யப் பொருத்தமானவர் இல்லை’ என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி, காரணத்தை வெளியிடாமல் காப்பாற்றும் மருத்துவர்கள் உண்டு.

ஆபரேஷன் என்றால் பயம் வரத்தான் செய்யும். பயந்ததற்காக மட்டும் யாரையும் ஒதுக்கிவிட மாட்டார்கள். மன அழுத்தம் தெரிந்தால், அதற்குச் சிகிச்சை கொடுத்துவிட்டு மறுபடியும் பார்ப்பதுண்டு.

வீட்டார் செய்ய வேண்டியது இரண்டுதான். ‘இப்படிப் பதில் சொல்லு’ என்று சொல்லிக்கொடுத்து அனுப்பக்கூடாது. அவரைத் தனியாக உள்ளே போகவிட வேண்டும். வெளியே வந்ததும், ‘டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்?’ என்று துருவாமல் இருந்தால் இன்னும் நல்லது.