சுகர் ஃப்ரீ என்றால் சும்மாவா?

போன குளிர்காலத்தில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். வயது 71. சர்க்கரைக்கு இருபது வருடமாக மாத்திரை, இப்போது ராத்திரிக்கு இன்சுலினும் சேர்ந்திருக்கிறது. காலையில் நேரு பார்க்கில் நடை, சாயங்காலம் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன், நடுவில் பேப்பர். மனுஷருக்கு இருக்கிற ஒரே பலவீனம் இனிப்பு. அதையும் பிடுங்கி விட்டோமே என்று எனக்கு உறுத்தல்.

சாணக்யபுரியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு நாட்டின் தூதரகம். அந்த வாடிக்கையாளர்களை நம்பிக் கடை வைத்திருக்கிறவர்களிடம் உலகத்துச் சாக்லேட் எல்லாம் கிடைக்கும். அப்படி ஒரு கடையில் "சுகர் ஃப்ரீ டார்க்" என்று கொட்டை எழுத்தில் போட்ட 80 கிராம் பார் ஒன்றை வாங்கி வந்து பெருமையாக நீட்டினேன். "தினம் ஒரு துண்டுப்பா" என்றும் சொன்னேன்.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் வெறும் காகிதம்தான் இருக்கிறது. "என்னப்பா இது?" என்றால், "சர்க்கரையே இல்லைன்னு போட்டிருக்கேடா. அப்புறம் ஒரு துண்டு சாப்பிட்டா என்ன, ஒன்பது துண்டு சாப்பிட்டா என்ன?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டர் 238 காட்டியது. சப்பாத்திக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே சப்பாத்தி, அதே கூட்டுக்கு முந்தின ராத்திரி 180 தாண்டவில்லை. அதோடு போகவில்லை. விடிய விடிய வயிற்றைக் கலக்கி, மனுஷர் தூங்கவே இல்லை.

அன்றைக்குத்தான் அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். எனக்கே எச்பிஏ1சி 6.1 வந்து, டாக்டர் எச்சரித்து, சோற்றைக் குறைத்து லோ கார்ப் என்று திரிகிறவன் நான். படித்திருக்க வேண்டாமா?

பின்பக்கத்தில் முதல் சரக்கே மால்டிட்டால். 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 52 கிராம், அதில் மால்டிட்டால் மட்டும் 40. மாவுச்சத்திலிருந்து மால்டோஸ் எடுத்து, அதோடு ஹைட்ரஜன் சேர்த்துச் செய்கிற சர்க்கரை ஆல்கஹால் இது (போதை எல்லாம் கிடையாது, ஆசைப்பட வேண்டாம்). சர்க்கரையில் 90 சதவீத இனிப்பு இருக்கும், சாக்லேட்டில் சர்க்கரை மாதிரியே நடந்துகொள்ளும். கம்பெனிக்காரர்களுக்கு அதனால்தான் இதன் மேல் இத்தனை பிரியம்.

குடலில் இதில் ஒரு பங்கு உடைந்து குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறுகிறது. மீதி பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்து, பாக்டீரியாவுக்கு விருந்தாகி, அப்பாவைத் தூங்கவிடாமல் செய்கிறது. இதன் கிளைசெமிக் இண்டெக்ஸ் 35 சொச்சம், சர்க்கரைக்கு 65. பாதிதானே என்கிறீர்களா? பாதி, சரி. பூஜ்யம் இல்லையே!

கம்பெனி பொய் சொன்னதா என்றால் அதுவும் இல்லை. 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் "சுகர் ஃப்ரீ" என்று போட்டுக்கொள்ளலாம் என்பது நம் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதி. மால்டிட்டால் அந்தக் கணக்கில் சர்க்கரையே இல்லை. பாலியால் சேர்த்தால் பேதியாகலாம் என்று எச்சரிக்கையும் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டிருந்தார்கள், எறும்பு சைஸில்.

சரி, கணக்குக்கு வருவோம். மால்டிட்டாலில் பாதியைக் கார்ப் என்று வைத்துக்கொள்வது வழக்கமான தோராயம். ஆக 20 கிராம். மிச்சமிருக்கும் 12-இல் நார்ச்சத்து 8 போனால் 4. மொத்தம் 24. இப்போது பக்கத்துத் தட்டில் இருக்கிற, சர்க்கரை போட்ட 85 சதவீத டார்க் சாக்லேட்டைப் பாருங்கள். 85 என்பது கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து. மீதி 15-தான் பெரும்பாலும் சர்க்கரை. கோகோவிலேயே இருக்கிற மாவுச்சத்தையும் சேர்த்து, நார்ச்சத்து போக, 100 கிராமுக்கு 20-லிருந்து 25.

அதாவது இரண்டும் ஒன்றுதான்! ஒன்றில் "சுகர் ஃப்ரீ" என்ற பட்டம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அவ்வளவே. ஆனால் 85-ஐ யாராலும் ஒன்பது துண்டு சாப்பிட முடியாது. இரண்டாவது துண்டிலேயே கசப்பு "போதும்" என்று சொல்லிவிடும். பத்து கிராம் துண்டு என்றால் இரண்டு, இரண்டரை கிராம் கார்ப். கீட்டோக்காரர்கள்கூடத் தாங்குவார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: லோ கார்ப்காரர்களுக்கு "சுகர் ஃப்ரீ" சாக்லேட்டை விட, சர்க்கரை போட்ட 85 நல்லது. இதற்கு வெளிநாட்டுச் சரக்கே வேண்டும் என்பதும் இல்லை. அமுலே 90, 99 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நம் பொள்ளாச்சிப் பக்கம் விளைகிற கோகோவில் அங்கேயே சாக்லேட் செய்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானலில் "ஹோம்மேட்" என்று எடை போட்டுக் கொடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். நிறைய கடைகளில் அது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி வகைக் கொழுப்பு போட்ட காம்பவுண்ட்.

இல்லை, எனக்கு இனிப்பு வேண்டும், சுகர் ஃப்ரீதான் வேண்டும் என்றால், பின்பக்கத்தில் எண்ணைப் பாருங்கள். 965 என்றால் மால்டிட்டால், வைத்துவிட்டு வாருங்கள். 968 எரித்ரிட்டால், 960 ஸ்டீவியா. இவை ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஆனால் எரித்ரிட்டாலையும் அள்ளிப் போட வேண்டாம். ரத்தத்தில் அது அதிகம் இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததாக 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று நிரூபணம் இல்லை, இருந்தாலும் அளவோடு.

இன்னொன்று. ஐரோப்பிய லேபிளில் கார்போஹைட்ரேட் என்பது நார்ச்சத்தைக் கழித்த பிறகு வருகிற எண். அமெரிக்க லேபிளில் நார்ச்சத்தும் சேர்ந்தது. இந்தப் பேட்டையில் இரண்டும் ஒரே தட்டில் இருக்கும். ஐரோப்பியப் பாரில் மறுபடி கழித்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

டார்க் என்பதால் மருந்து என்றும் நினைக்காதீர்கள். 2022-இல் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த 28 பார்களிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன. தினம் ஒரு துண்டோடு நிறுத்த அதுவும் ஒரு காரணம்.

முக்கியமாக, இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும்போது சுகர் ஃப்ரீயும் உதவாது, டார்க்கும் உதவாது. கொழுப்பு இருப்பதால் ஏற நேரமாகும். அப்போது வேண்டியது குளுக்கோஸ் அல்லது சாதாரணச் சர்க்கரை. டாக்டரைக் கேட்காமல் லோ கார்ப் பக்கமும் போகாதீர்கள், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அத்தனை பேர் வீட்டிலும் என்னை மாதிரி பாசத்தோடு டப்பா வாங்கிப் போகிற பிள்ளை ஒருவன் இருப்பான். பயம் போய்விட்டால் கை நிற்காது. அந்தப் பயத்தைத்தான் முன்பக்கத்துக் கொட்டை எழுத்து துடைத்துவிடுகிறது. நோயாளிக்கு வாங்குகிறவன் பின்பக்கம் படிக்க வேண்டும்.

அப்பா ஊருக்குக் கிளம்பும்போது 85-இல் ஒரு பார் கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் கழித்து போனில் கேட்டேன்.

"இன்னும் பாதி இருக்குடா. கஷாயம் மாதிரி இருக்கு. ஆனா ராத்திரி ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கு அது போதும்.